பதினெட்டாம் எலி

"நான் சொல்றதைக் கேளுடி, அது வெறும்..."

"வெறும் சாக்கட்டித் தூள். அதானே? ஆறு வாரமா..."

"அதனாலே ஒரு கெடுதியும் கிடையாது."

"வலியை அப்படியே விட்டுவெச்சேளே, அது?"

அனந்தகிருஷ்ணன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். 1949, மழைக்காலம். பம்பாய் மாதுங்காவில் ஒரு மூன்றாம் மாடி வீட்டில், அவர் மனைவி விசாலாக்ஷி காலை நீட்டிச் சுவரில் சாய்ந்திருந்தாள். மடியில் அவருடைய ஆராய்ச்சிக்கூட நோட்டு.

அவளுக்கு முத்து முத்தான கையெழுத்து. அவர் கிறுக்கிக் கொண்டுவருவதை ஞாயிறுதோறும் அவள்தான் நல்ல பிரதி எடுத்துக் கொடுப்பாள். பதினாறு வெள்ளெலிகள். பின்காலில் பார்மலின் ஊசி போட்டு மூட்டை வீங்கவைத்து, எட்டுக்குப் புது மருந்தும் எட்டுக்குத் தூளும் கொடுத்து, வீக்கத்தை அளந்து எழுதுவார்; முடிவில் எலிகளைக் கொன்று மூட்டை அறுத்துப் பார்ப்பார். இன்று பதினாறுக்குக் கீழே பென்சிலில் இன்னும் இரண்டு வரிகள். அவற்றை அழிக்காமலே நோட்டைத் தந்துவிட்டார்.

"பதினேழு, மருந்து. முழங்கால் பதினஞ்சு அங்குலம், இப்போ பதினாலரை. பதினெட்டு, தூள். பதினாறு, இப்போ பதினாறேகால்." படித்துவிட்டு நிமிர்ந்தாள். "இத்தனை பெரிய முட்டியோட பம்பாயிலேகூட எலி கிடையாது. பதினேழு உங்க அக்கா. பதினெட்டு நான்."

"ரெண்டு பேருக்கும் ஒரே வீடு, ஒரே சாப்பாடு, ஒரே வலி. ஒருத்திக்குக் குடுத்து ஒருத்திக்குக் குடுக்காட்டாதானே மருந்தோட குணம் தெரியும்?"

"எங்கிட்டே ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே."

"சொன்னா சோதனை கெட்டுடும்."

"டாக்டர் தந்த ஆஸ்பிரினையும் நிறுத்தச் சொன்னேள். புது மருந்தோட சேராதுன்னேள். நம்பினேன். ஞாயித்துக்கிழமை டேப்பை வெச்சு அளக்கறச்சே, இந்த மனுஷருக்கு இத்தனை கரிசனமான்னு கூசிப்போவேன்."

அடுப்படியில் அக்கா ராஜலக்ஷ்மி பாத்திரம் தேய்க்கும் சத்தம் நின்றது.

"நீயும் தேவலைன்னுதானே சொன்னே?"

"உங்களுக்கு நல்ல பேர் வரட்டுமேன்னு சொன்னேன். ராத்திரியெல்லாம் முட்டியைப் பிடிச்சுண்டு கிடந்தேன். அதை எங்கே எழுதுவேள்?"

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "நாளையிலேருந்து உனக்கும் அந்த மருந்தே தரேன்."

விசாலாக்ஷி நோட்டை மூடி அவர் பக்கம் தள்ளினாள்.

"ஏன்னா, சோதனை முடிஞ்சப்புறம், தூள் குடுத்த எலிகளை என்ன பண்ணுவேள்?"