வேதாசலத்தின் சீட்டு

லோகநாயகியின் புருஷன் வேதாசலத்துக்கு ஊரில் ரஷ்யாக்காரன் என்று பேர். பொன்னேரியில் செங்கொடிக் கூட்டம் என்றால் வலையை அப்படியே போட்டுவிட்டு ஓடுவான். திரும்பி வந்து டீக்கடையில் சோசலிசம் பேசுவான்.

"அப்போ என் ஃபைபர் போட்டையும் புடுங்கி ஊருக்குக் குடுத்துடுவியா?" என்று கிண்டல் செய்வார்கள்.

"பாடு போடறீங்களே, அது இன்னாடா? அதான் சோசலிசம்!"

அவன் சொன்னதில் நியாயம் இருந்தது. ஏரியில் இறால் ஓடும் இடங்களை ஊரே முறைவைத்துப் பிரித்துக்கொள்ளும். அதற்குத்தான் பாடு என்று பேர். வருஷா வருஷம் கோயில் வாசலில் பேர்களை எழுதிக் குடத்தில் போட்டுச் சீட்டுக் குலுக்குவார்கள். புது போட் வைத்திருப்பவனுக்கும் ஓட்டைத் தோணிக்காரனுக்கும் ஆளுக்கு ஒரே சீட்டு. இதைச் சொல்லும்போது வேதாசலத்தின் முகம் அப்படி மலரும். அந்த முகத்தைப் பார்ப்பதற்காகவே லோகநாயகி கேட்ட கதையையே திரும்பத் திரும்பக் கேட்பாள்.

அவன் செத்துப்போய் எட்டு மாதமாகிறது. இந்த வருஷம் குடத்தில் அவன் சீட்டு இருக்காது. அதை அவளால் தாங்க முடியவில்லை. அவன் நின்ற தண்ணீரில் ஒரு நாளாவது வலையோடு நிற்க வேண்டும் என்று ஏங்கிப்போனாள்.

சீட்டு நாளன்று ஆம்பளைகள் கூடியிருந்த இடத்துக்கே போய் நின்றாள். "அவரு பேருக்குப் பதிலா எம் பேர எழுதுங்கண்ணா. எனக்கும் வலை போடத் தெரியும்."

"பொம்பளைக்கு ஏதும்மா பாடு?" என்றார் ஊர்த்தலைவர் பால்ராஜ்.

"எல்லாரும் சமம்னு அவரு சொல்லுவாரே."

பால்ராஜ் தயங்கினார். கெட்ட மனிதர் இல்லை. "பத்து வருசம் முன்னாடி மாலதி, புருஷன் செத்தப்போ, இதே மாதிரி வந்து கேட்டுச்சு. குடுக்கலாம்னுதான் நான் சொன்னேன். கூடாதுன்னு மொதல்ல எந்திரிச்சவன் வேதாசலம்தாம்மா."

லோகநாயகிக்குப் பொய் என்று கத்தத் தோன்றியது. ஆனால் அந்த வருஷம் சீட்டு நாளன்று அவன் சோற்றைப் பிசைந்து வைத்துவிட்டு, ஒரு வாய்கூடச் சாப்பிடாமல் கை கழுவியது நினைவுக்கு வந்துவிட்டது.

"அவரு பண்ணது தப்பு" என்றாள். "அதுக்கும் சேர்த்துக் கேக்கறேன். மாலதி பேரையும் எழுதுங்க."

ஒருத்தரும் சிரிக்கவில்லை. பேனாவையும் எடுக்கவில்லை. "அடுத்த வருசம் பாக்கலாம்மா" என்று பால்ராஜ் குடத்தைக் குலுக்கினார்.

அவள் ஏரிக்கரையோடு வீட்டுக்கு நடந்தாள். அவன் ஒரே ஒரு நிமிடம் எதிரே வந்து நின்றால் போதும் என்றிருந்தது. முதலில் சண்டை போட வேண்டும். அழுவதெல்லாம் அப்புறம்.