எதைக் கொண்டு எடுத்தார்?

விபத்துப் படிவத்தின் ஏழாவது கட்டத்தில் இருந்தது ஒரே கேள்விதான்: ‘சிக்கிய அட்டையை எதைக் கொண்டு எடுத்தார்?’ குண்டெழுத்து அதற்கு நேராக ‘வெறும் கையால்’ என்று எழுதி, மை காய்ந்ததும் மேற்பார்வையாளரிடம் நீட்டினாள். அட்டைப்பெட்டித் தொழிற்சாலையில் படிவம் நிரப்புவது அவள் வேலை. எழுத்து உருண்டையாக இருந்ததால் அவர்தான் அவளுக்குக் ‘குண்டெழுத்து’ என்று பெயர் வைத்தார்.

அவர் படித்துவிட்டு அந்த இரண்டு சொற்களையும் அடித்தார்.

“என்னம்மா, கொச்சையா இருக்கு. சாயங்கால வகுப்புக்கெல்லாம் போறே. ‘உரிய சாதனம் கொண்டு’ன்னு போடு.”

“சாதனம் எதுவும் இல்லையே சார்.”

“அப்ப ‘கருவி’ன்னு போடு. உபகரணம், உபாயம், வழிமுறை… வார்த்தைக்கா பஞ்சம்? உங்க அண்ணிக்கு நல்லதுக்குத்தான் சொல்றேன்.”

நல்லதாம். நேற்று முற்பகல் அழுத்து இயந்திரம் அண்ணியின் வலது கையில் இரண்டு விரல்களை நசுக்கியிருந்தது. சாதனம் கொடுத்தும் கவனமில்லாமல் வேலை பார்த்தாள் என்று படிவம் சொல்லிவிட்டால், அண்ணிக்கு வைத்தியச் செலவும் கிடைக்காது, வேலையும் இருக்காது. அட்டையை இழுக்க நீளமான கொக்கி ஒன்று இருந்தது உண்மைதான். அதைப் போட வேண்டுமானால் இயந்திரத்தை நிறுத்த வேண்டும்; நிறுத்தினால் பெட்டிகளின் எண்ணிக்கை குறையும். அதனால் சோதனைக்கு ஆள் வரும் நாளில் மட்டும் கொக்கி ஆணியில் தொங்கும். மற்ற நாள்களில் மேற்பார்வையாளரின் அலமாரியில்.

குண்டெழுத்து மேஜைக்குத் திரும்பினாள். தான்தான் அவசரப்பட்டுவிட்டோமோ என்று சந்தேகம். முன்பெல்லாம் எப்படி எழுதியிருக்கிறது என்று பார்க்கப் பழைய கோப்பை எடுத்தாள். அதே இயந்திரம், மூன்று விபத்துகள். ‘தகுந்த உபகரணத்தின் மூலம்’. ‘வழக்கமான வழிமுறையில்’. ‘உரிய ஏற்பாட்டின் வாயிலாக’. மூன்றும் அவளுடைய உருண்டை எழுத்து. ஒரே சொல்லைத் திரும்பத் திரும்ப எழுதக் கூடாது என்று வகுப்பில் சொன்னதை நினைத்து, மூன்றாவதை எழுதும்போது அவளுக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. அடிபட்ட அந்த மூன்று பேரில் ஒருவரும் இப்போது இங்கே இல்லை.

அவளுக்கு ஆத்திரமாக வந்தது. அவர்மேல் பாதி, தன்மேல் பாதி.

மதியம் அண்ணி கையெழுத்துப் போட வந்தாள். கட்டுப் போட்ட கையை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்திருந்தாள். மேற்பார்வையாளர் தானே நிரப்பிய புதுப் படிவத்தை வாசித்துக் காட்டினார்.

“சாதனம்னா என்ன சார்?” என்றாள் அண்ணி.

“கருவிம்மா.”

“கருவின்னா?”

“உபகரணம். வேலை செய்ய உதவுற பொருள்.”

“அது நீளமா, குட்டையா? எந்தக் கையில பிடிச்சிருந்தேன்?”

அவர் குண்டெழுத்தைப் பார்த்தார். “நீயாவது எடுத்துச் சொல்லு.”

“அவர் சொல்றது எல்லாத்துக்கும் ஒரே அர்த்தம்தான் அண்ணி. உங்க கையில எதுவும் இல்லைங்கிறதை எழுதாம இருக்கிறதுக்கு.”

“அதுக்கு இத்தனை வார்த்தையா?” என்றாள் அண்ணி. “எனக்கு ஒரு கம்பி குடுத்திருந்தா போதுமே.”

குண்டெழுத்து வெற்றுப் படிவம் ஒன்றை எடுத்து முதலிலிருந்து எழுதினாள். ஏழாவது கட்டத்தில் ‘வெறும் கையால்’. அதற்குக் கீழே, இடம் இல்லாத இடத்தில் நெருக்கி, ‘வேறு எதுவும் கொடுக்கப்படவில்லை’. அண்ணி இடது கையால் கோணலாகக் கையெழுத்துப் போட்டாள்.

“நாளையிலேர்ந்து உனக்கு மேஜை கிடையாது. பிரஸ் மெஷின்ல நில்லு,” என்றார் மேற்பார்வையாளர்.

“நிக்கிறேன். இதுல கையெழுத்துப் போடுங்க.”

“மாட்டேன்.”

குண்டெழுத்து படிவத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். பிறகு அவர் கையெழுத்துக்கான கட்டத்தில், ‘மேற்பார்வையாளர் கையெழுத்திட மறுத்தார்’ என்று எழுதினாள். சுவர்க் கடிகாரத்தை நிமிர்ந்து பார்த்து, நேரத்தையும் சேர்த்தாள்.

“இது செல்லாது,” என்றார் அவர்.

“தொழிலாளர் அலுவலகம் அஞ்சு மணி வரைக்கும் திறந்திருக்கும் சார். அவங்க சொல்லட்டும்,” என்றாள். “வாங்க அண்ணி.”