ஆர்டிஸின் இடது கன்னம்

டுவேன் நீட்டிய போனைப் பார்த்ததும் மார்லிஸ் ஒரு அடி பின்வாங்கினாள். செத்துப்போன தங்கை ஆர்டிஸின் முகம்தான், ஆனால் தோலுரித்த அவித்த முட்டை மாதிரி இருந்தது. இடது காதுக்குக் கீழே தொடங்கித் தாடை வரை இறங்கும் திராட்சை நிற மச்சத்தைக் காணவே காணோம். பிறக்கும்போதே கூட வந்த மச்சம் அது.

“எங்க போச்சு?”

“ஒரு ஆப்புல போட்டு அழிச்சிட்டேன். எவ்வளவு லட்சணமா இருக்கா பாரு!” என்றான் தங்கை புருஷன். “இதையே தையலுக்குப் போட்டுக் குடு. சர்ச் ஹால்ல தொங்கப்போற படம். காலத்துக்கும் அந்தக் கறையோடவா தொங்கணும்?”

கறையாம்! வாய் அழுகாதோ இவனுக்கு!

அமெரிக்காவின் மினசோட்டாவில் அந்தச் சின்ன ஊரின் சர்ச்சில், சமையலறையைக் கட்டியாண்ட பெண் இறந்துபோனால், அவள் முகத்தை கிராஸ் ஸ்டிச்சில் தைத்து மாட்டுவது வழக்கம். துணி வீடு வீடாகப் போகும், ஆளுக்கொரு பகுதி தைப்பார்கள். போட்டோவைக் கட்டம் கட்டமாகப் பிரித்து, நிறத்துக்கொரு குறி போட்டுக் கொடுப்பது மார்லிஸின் பொறுப்பு. இந்த முறை அவள் தங்கையின் முகம்.

“மச்சத்தோடன்னா போட்டுத் தரேன். இல்லன்னா வேற ஆளப் பாரு.”

“உன்ன விட்டா ஆளா இல்ல? இன்டர்நெட்ல ஒரு நிமிஷத்துல வந்துடும், போ.”

வந்தது. அந்த வாரமே பக்கத்து வீட்டு ஓபல், டுவேன் அச்சடித்துக் கொடுத்த காகிதக் கட்டைத் தூக்கிக்கொண்டு மூச்சிரைக்க வந்தாள்.

“இந்தக் கண்றாவியப் பாருடி! எண்பது நெறம். மூக்குல பச்ச, நெத்தியில ஊதா. கட்டத்துக்குக் கட்டம் நூல மாத்தணும். தைச்சு முடிச்சா ஆர்டிஸ் வரமாட்டா, சொறி புடிச்ச யாரோதான் வருவா.”

யாரும் ஊசியைத் தொடவில்லை. டுவேன் திரும்பி வந்தான், முகத்தை உர்ரென்று வைத்துக்கொண்டு.

“சரி, நீயே போடு. ஆனா நான் பாத்து சரின்னு சொன்னாத்தான் துணிய எடுக்கணும்.”

மார்லிஸ் பழைய போட்டோக்களைக் கொட்டித் தேடினாள். டுவேனோடு காரில் இருக்கும் படங்களிலெல்லாம் ஆர்டிஸ் இடது கன்னத்தில் கை வைத்திருந்தாள். என்ன பழக்கமோ, எப்போதும் அப்படித்தான். சர்ச் சமையலறையில் கரண்டியோடு சிரிக்கும் ஒரு படம்தான் முழு முகமாகக் கிடைத்தது. அதைக் கம்ப்யூட்டரில் ஏற்றி நிறங்களைக் குறைத்துக்கொண்டே வந்தாள். அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சிதறிய கட்டங்களைப் பக்கத்து நிறத்தோடு சேர்த்தாள். கண்ணின் ஓரக்கோடு நன்றாகத் தெளிந்தது, ஆனால் அந்தக் குறைப்பில் மச்சமும் கன்னத்தோடு கரைந்துவிட்டது. சனியன், கம்ப்யூட்டருக்குக்கூட அவளை அப்படியே விட மனசில்லை! ஒவ்வொரு கட்டமாகக் கையால் திரும்ப வைத்தாள். அதற்கு இலைக் குறி போட்டாள்.

டுவேன் தாளைத் தள்ளிப் பிடித்துப் பார்த்தான். கோடு, புள்ளி, வட்டம், இலை.

“இதுல மூஞ்சி எங்க?”

“தைச்சா வரும்.”

“அந்தக் கறை?”

“முழுசும் உன் கையிலதானே இருக்கு, நல்லாப் பாத்துக்கோ.”

பார்த்தான். புரியவில்லை என்று சொல்ல வாய் வரவில்லை. “ம்... சுத்தமாத்தான் இருக்கு” என்று திருப்பித் தந்தான். மார்லிஸுக்கு அருவருப்பாக இருந்தது. பெண்டாட்டி காலமெல்லாம் இவன் பக்கத்தில் உட்கார்ந்துதான் தைத்தாள், ஒரு நாளாவது எட்டிப் பார்த்திருந்தால் தெரிந்திருக்குமே!

ஓபல் இலைகளின் மேல் விரலை ஓட்டினாள். “இதுக்கு என்ன நூல்?”

“திராட்சை.”

“கன்னத்த நான் தைக்கிறேன்” என்றாள் ஓபல். அதன்பின் துணி போன எந்த வீட்டிலிருந்தும் ஒரு வார்த்தை வெளியே கசியவில்லை.

ஞாயிறு ஆராதனை முடிந்து, காபியும் கையுமாக எல்லோரும் ஹாலில் கூடியிருக்கும்போது திரையை விலக்கினார்கள். சுவரில் ஆர்டிஸ் மச்சத்தோடு சிரித்தாள். எல்லோரும் கை தட்டினார்கள்.

டுவேனின் உதடு ஒரு பக்கமாகக் கோணியது. செருப்பில் எதையோ மிதித்துவிட்டவன் போல மூஞ்சியைச் சுளித்துத் திருப்பிக்கொண்டான்.

“என்ன அசிங்கம் இது? கழட்டுங்க!”

“நீதானப்பா பாத்து சரின்னு சொன்ன?” என்றாள் ஓபல். ஹாலே சிரித்தது. அவன் காது சிவக்க வெளியே போனான்.

மார்லிஸ் சிரிக்கவில்லை. அந்தச் சுளிப்பை அவள் பார்த்தது இதுதான் முதல் தடவை. அவன் இடப்பக்கம் உட்கார்ந்து கார் ஓட்டுவான், ஆர்டிஸ் அவனுக்கு வலப்பக்கம் இருப்பாள், அவளுடைய இடது கன்னம் அவன் பக்கம். உள்ளங்கையால் அதை மூடிக்கொண்டே ஊரெல்லாம் போய்வந்திருக்கிறாள்.

மார்லிஸ் காபியைக் கீழே வைத்துவிட்டு, கன்னத்தில் கையில்லாத தங்கையை நிமிர்ந்து பார்த்தாள்.