மூன்றாவது ரைடு

கபடியில் ஒரு அணிக்கு ஏழு பேர். எதிரணிக்குள் பாடிப் போகிற ரைடர்கள் மூன்று பேர் இருந்தால் போதும். மற்றவர்கள் பிடிக்கிறவர்கள். கள்ளக்குறிச்சியில் அந்தக் கல்லூரியில் நான் முதலாமாண்டு சேர்ந்தபோது ஏற்கெனவே ஐந்து ரைடர்கள் இருந்தார்கள். நான் ஆறாவது.

இது எனக்கு முன்பே தெரியாது. வெள்ளிமலைப் பள்ளி மைதானத்தில் நான் ஆடியதைப் பார்த்த உடற்கல்வி இயக்குநர் அன்புச்செல்வன் சார் என் தோளில் கைபோட்டு, "உன்ன மாதிரி ஒருத்தனத்தான்டா தேடிக்கினு இருந்தேன்" என்றார். அதை நம்பி மலையிலிருந்து இறங்கினேன்.

விடுதிக்கு வந்த முதல் நாள் இதைச் சொன்னபோது அறையில் இருந்த எல்லோரும் சிரித்தார்கள்.

"தோள்ல கை போட்டாரா?"

"போட்டாருண்ணா."

"ஒருத்தனத்தான் தேடறேன்னாரா?"

"ஆமா."

"எங்க அஞ்சு பேர்கிட்டயும் அதான்டா சொன்னாரு" என்றான் சுபாஷ். அவன் மூன்றாமாண்டு, முழங்காலில் எப்போதும் நீலப்பட்டை போட்டிருப்பான். "பேரு இன்னா?"

"இருசப்பன்."

"உன் பேரக் கேட்டா எங்க தாத்தா எழுந்து நிப்பாருடா. வேணாம், மலைன்னே கூப்புடறோம்."

அன்றிலிருந்து நான் மலை.

விளையாட்டு ஒதுக்கீட்டில் வந்தவர்களுக்கு விடுதியும் சாப்பாடும் இலவசம். ஆனால் அது முதல் பருவம் வரைக்கும்தான். மண்டலப் போட்டிக்குப் போகிற பன்னிரண்டு பேரில் இடம் கிடைத்தால் தொடரும், கிடைக்காவிட்டால் அறையைக் காலி செய்ய வேண்டும். பன்னிரண்டில் ரைடர்களுக்கு நான்கு இடம். மற்ற ரைடர்களுக்குக் காலி செய்தால் போக வீடு இருந்தது, பக்கத்திலேயே, பஸ் பிடித்தால் வந்துபோகிற தூரத்தில். என் அப்பாவும் அம்மாவும் குடகுக்குக் காப்பித் தோட்ட வேலைக்குப் போயிருந்தார்கள். மலையில் வீடு பூட்டிக் கிடந்தது. பூட்டைத் திறந்து அங்கே இருந்தாலும், மலைப்பாதை பஸ்ஸைப் பிடித்து வருவதற்குள் இங்கே பாதி வகுப்பு முடிந்திருக்கும். ஆகவே எனக்கு அணியில் இடம் என்றால் படிப்பு. இடம் இல்லை என்றால் படிப்பும் இல்லை.

நான் ஆடப் பழகியது சாமை அடிக்கிற களத்தில். அங்கே நடுவர் கிடையாது, கடிகாரம் கிடையாது. ஆனால் ஒரு முறை உண்டு. ரைடு போய் யாரையும் தொடாமல் திரும்பி வந்தவன், அடுத்த ரைடும் அவனே போக வேண்டும். தொடுகிற வரைக்கும், இல்லை பிடிபடுகிற வரைக்கும். இன்னொருத்தன் முந்திக்கொண்டு போனால் அடிதடி ஆகிவிடும்.

மேட் விரித்த கபடியில் வேறு விதி. ஒரு அணி தொடர்ந்து இரண்டு ரைடு வெறுங்கையோடு வந்தால் மூன்றாவது ரைடில் கட்டாயம் புள்ளி எடுத்தாக வேண்டும். எடுக்காமல் திரும்பினால், போனவன் அவுட். யார் போவது என்று விதி சொல்வதில்லை. எதிரணிக்கும் இது தெரியும் என்பதால், மூன்றாவது ரைடில் அவர்கள் அசையாமல் காத்திருப்பார்கள். வருகிறவன் உள்ளே வந்துதான் ஆக வேண்டும்.

எங்கள் கேப்டன் தமிழரசன். மூங்கில்துறைப்பட்டுப் பக்கம் கரும்புக்காரர் வீட்டுப் பிள்ளை. மோசமான ஆட்டக்காரன் இல்லை, ஆனால் கணக்காக ஆடுவான். முதல் ரைடு அவன் போவான். கோட்டைத் தாண்டி ஒரு காலை வைத்து, இரண்டு முறை கையை வீசிவிட்டுத் திரும்புவான். அடுத்தது சுபாஷ். அவனும் அப்படியே. பிறகு தமிழரசன் என் முதுகில் தட்டுவான்.

"மலை, போடா. உன்ன வுட்டா ஆள் இல்ல."

முதலில் எனக்குப் பெருமையாக இருந்தது. வந்த புதிதிலேயே முக்கியமான ரைடை என்னை நம்பிக் கொடுக்கிறார்கள் என்று நினைத்தேன். போவேன். சில நேரம் இரண்டு பேரைத் தொட்டுக்கொண்டு வருவேன். பல நேரம் ஏழு பேரும் மேலே விழுந்து அமுக்குவார்கள். எழுந்து போய் வெளியே உட்காருவேன்.

மெஸ்ஸில் பாவாடைதான் சொன்னான். அவன் இரண்டாமாண்டு, இடது கார்னரில் நின்று கணுக்காலைப் பிடிக்கிறவன். பெயருக்காக என்னைவிட அதிகம் கேலி வாங்கியவன்.

"டேய் மலை, நீ இன்னா பெரிய ஸ்டாருன்னு நெனச்சிக்கினு இருக்கியா?"

"ஏண்ணா?"

"மொத ரைடு என்னிக்காச்சும் போயிருக்கியா? ரெண்டாவது?"

யோசித்தேன். போனதில்லை.

"அவனுங்க யாரையும் தொடாம எம்ப்டி எடுத்துட்டு வருவானுங்க. அவுட்டாவறதுக்கு நீ. போன வருசம் ஒரு பையன் இருந்தான், சங்கராபுரத்துக்காரன். அவனும் இப்பிடித்தான். இப்ப ஊருல மொபைல் கடையில நிக்கறான்."

"சார் பாக்கறாருல்ல?"

"சாரு அவுட்ட பாப்பாரு. எத்தினாவது ரைடுன்னு பாக்க மாட்டாரு." தட்டில் இருந்த என் முட்டையை எடுத்துக்கொண்டான். "இது சொன்னதுக்கு."

அடுத்த வாரமே சார் கூப்பிட்டார். "இருசப்பா, டீம்லயே நீதான் ஜாஸ்தி அவுட்டாவுற. தமிழரசனைப் பாரு, எவ்வளவு சேஃபா ஆடறான்."

"சார், எனக்கு மூணாவது ரைடுதான் சார் தராங்க."

"குடுத்ததை எடுக்கத் தெரிஞ்சவன்தான்டா பிளேயர். சாக்கு சொல்லாத."

அணித் தேர்வுக்கு முந்திய கடைசி ஆட்டம் விழுப்புரத்துக் கல்லூரி ஒன்றோடு. அதைப் பார்த்துத்தான் பன்னிரண்டு பேரை முடிவு செய்வேன் என்று சார் சொல்லியிருந்தார். இரண்டாம் பாதியில் தமிழரசன் பிடிபட்டு வெளியே போனான். புள்ளி சமம். எங்கள் அடுத்த முறை வந்தபோது, யார் போவது என்று சொல்ல கேப்டன் இல்லை. சுபாஷ் முழங்கால் பட்டையை இழுத்து விட்டுக்கொண்டிருந்தான். நான் கிளம்பிவிட்டேன்.

அந்தப் பருவத்தில் முதல் ரைடுக்கு நான் போனது அதுதான் முதல் தடவை. யாரையும் தொடவில்லை. ஆனால் அவர்களுடைய வலது கார்னர் எப்போதும் இடது காலில்தான் எடை போட்டு நிற்கிறான் என்று பார்த்துக்கொண்டேன். திரும்பி வந்தேன். அவர்கள் ஆள் வந்து சும்மா போனான். மறுபடி எங்கள் முறை. சுபாஷ் முன்னால் நகர்ந்தான். அதற்குள் என் கால் கோட்டைத் தாண்டியிருந்தது. யோசித்துச் செய்யவில்லை. வெறுங்கையோடு வந்தவன் நான், போக வேண்டியவன் நான். களத்தில் அப்படித்தான். இரண்டு பேர் சேர்ந்து போக முடியாது என்பதால் சுபாஷ் பின்வாங்கினான்.

அந்த ரைடிலும் ஒன்றும் கிடைக்கவில்லை.

மூன்றாவதுக்கு யாரும் நகரவில்லை. சுபாஷ் கையைக் கட்டிக்கொண்டு நின்றான். "இப்பயும் நீயே போ தொர."

அவன் சொல்லியிருக்க வேண்டியதில்லை. எப்படியும் நான்தான் போயிருப்பேன்.

உள்ளே போனேன். ஏழு பேரும் சிலை மாதிரி நின்றார்கள். வலது கார்னர் பக்கம் ஒரு காலை நீட்டிக் காட்டினேன். அவன் பாய்ந்தான். இடது காலில் எடை இருந்ததால் அரை நொடி தாமதம். அவன் கை மூடுவதற்குள் காலை எடுத்துக்கொண்டு அவன் முதுகில் கையால் தட்டினேன். பக்கத்தில் இருந்தவன் இடுப்பைப் பிடித்தான். அவனையும் இழுத்துக்கொண்டு விழுந்தேன். என் விரல் நடுக்கோட்டில் இருந்தது. இரண்டு புள்ளி. அதை வைத்துத்தான் அந்த ஆட்டத்தை ஜெயித்தோம். பாவாடை என்னைத் தூக்கிச் சுற்றினான்.

மறுநாள் விளையாட்டுத் துறை அறையில் சார் பெயர்களை வாசித்தார். தமிழரசன், சுபாஷ், இன்னும் இரண்டு சீனியர்கள். ரைடர்கள் அவ்வளவுதான். என் பெயர் வரவில்லை.

பாவாடைதான் கேட்டான். "சார், மலை?"

"அவனுக்கு டீம்னா இன்னான்னே தெரியல. மூணு ரைடும் ஒருத்தனே போறான். பின்னாடி சீனியர் நிக்கறான், கண்ணுக்குத் தெரியல."

"பாயின்ட் எடுத்தான் சார்."

"பாயின்ட் எவன் வேணா எடுப்பான்டா. சுயநலமா ஆடறவன் எனக்கு வேணாம்."

நான் சொன்னேன்: "நான் எம்ப்டி எடுத்துட்டு வந்தேன் சார். நான்தான சார் திரும்பப் போவணும்?"

"இது எந்த ஊரு ரூலுடா?"

"எங்க ஊரு ரூலு சார்."

எல்லோரும் சிரித்தார்கள். தமிழரசன் சிரிக்கவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவனுக்குப் புரிந்திருக்கும் என்று நினைக்கிறேன். புரிந்து என்ன?

வெளியே வந்தபோது சார் மறுபடியும் தோளில் கைபோட்டார். "மனசு வுட்டுடாத. டெய்லி பிராக்டீஸுக்கு வா. பிடிக்கிறவனுங்க பழகறதுக்கு உன்ன மாதிரி வேகமா வரவன் ஒருத்தன் வேணும். அடுத்த வருசம் பாக்கலாம்."

"ஆஸ்டல் சார்?"

"அது டீமுக்கு மட்டும்தான்டா."

"அப்ப எங்கிருந்து சார் வரது?"

அவருக்கு போன் வந்தது. கையை எடுத்துவிட்டுப் பேசப் போய்விட்டார்.

வெள்ளிக்கிழமை அறையைக் காலி செய்தேன். பாவாடை பஸ் நிலையம் வரை என் பையைத் தூக்கிக்கொண்டு வந்தான். ஷேர் ஆட்டோவில் போனோம். இறங்கியதும், "வூட்டுக்கா?" என்றான். "பூட்டிக் கெடக்குது" என்றேன். தியாகதுருகம் சாலையில் ஒரு அரிசி ஆலையில் இரவு ஷிப்டுக்கு ஆள் கேட்டார்கள், தங்க இடமும் உண்டு. அங்கே போனேன். நெல் அவிக்கிற கொப்பரை அடுப்புக்கு உமி தள்ளுகிற வேலை. பகலில் தூங்க வேண்டும் என்பதால் வகுப்புக்குப் போவது நின்றது. யாரும் தேடவில்லை.

அணி மண்டலக் கோப்பையை ஜெயித்தது. நான் இல்லாததால் தோற்றார்கள் என்று சொல்ல ஆசைதான். தோற்கவில்லை. நீதிமன்றம் எதிரில் பேனர் வைத்திருந்தார்கள். பன்னிரண்டு முகங்கள், நடுவில் சார்.

அதற்கப்புறம் ஒரு மதியம் பாவாடை போன் செய்தான். அடுத்து மாநிலப் போட்டியாம். குரலில் சந்தோஷம் இல்லை.

"மூணாவது ரைடுக்கு இப்ப என்னை அனுப்பறானுங்கடா."

"நீ கேட்சராச்சே."

"அதத்தான் நானும் சொன்னேன். உன்ன வுட்டா ஆள் இல்லன்றான் தமிழரசன்."

"போவாதண்ணா. முடியாதுன்னு நில்லு."

பின்னால் மெஸ்ஸில் தட்டுகள் மோதும் சத்தம் கேட்டது.

"நின்னா ஆஸ்டல் பூடுமேடா" என்றான்.