கிழக்குப் பார்த்த தோள்

அஞ்சுகத்தின் இடது தோளை அளப்பதற்குச் செவ்வாய்க்கிழமை காலையில் சர்வேயர் வந்தார். பெயர் நாச்சிமுத்து. சங்கிலி கொண்டுவந்திருந்தார். வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு, "பட்டாதாரர் யாருங்க?" என்று கேட்டார்.

"நாந்தானுங்க," என்றாள் அஞ்சுகம்.

"இடம் எங்கீங்க?"

அவள் மேலே போட்டிருந்த துண்டை விலக்கிக் காட்டினாள். தழும்பு காதுக்குக் கீழே தொடங்கி, கழுத்தில் இறங்கி, தோளைச் சுற்றிக்கொண்டு முழங்கை வரைக்கும் போயிருந்தது. நாச்சிமுத்து இரண்டடி பின்னால் தள்ளி நின்று பார்த்தார்.

"மேடு பள்ளமா இருக்குதுங்களே. ரோடு வசதி உண்டுங்களா?"

"இல்லீங்க."

"கெணறு?"

"இல்லீங்க."

அவர் முகம் வாடியது. அவளுக்காக வருத்தப்படுகிறார் என்று தெரிந்தது.

அஞ்சுகம் ஒரு பனியன் கம்பெனியில் அயர்ன் டேபிளில் வேலை பார்த்தவள். ஒருநாள் டேபிளுக்குப் பின்னால் போகும் நீராவிக் குழாய் வெடித்தது. ஆஸ்பத்திரியில் நெடுநாள் கிடந்தாள். உயிர் தங்கியது. ஆனால் வெந்த தோல் ஆறும்போது இறுகி, முகத்தை இடப்பக்கமாக இழுத்துப் பிடித்துக்கொண்டது. அவளால் வலப்பக்கம் திரும்ப முடியவில்லை.

அவள் புருஷன் மாரப்பன் கல்யாணமான நாளிலிருந்து அவளுக்கு வலப்பக்கம்தான் நடப்பான். வலப்பக்கம்தான் உட்காருவான், படுப்பான். இப்போது அவன் குரல் மட்டும்தான் அவளுக்கு வந்துகொண்டிருந்தது.

"இக்கட்டால வந்து படுங்களேன்," என்பாள்.

"அங்க செவுரு இருக்குது புள்ள."

"என்னமோ நேத்துத்தான் கட்டுன செவுரு மாதிரி சொல்றீங்க."

பகலில் சில தடவை இடப்பக்கம் வந்து பார்த்தான். கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் விருந்தாளி மாதிரி நின்றான். "அப்பறம், ஊட்டுல எல்லாரும் சௌக்கியமா?" என்று அவளிடமே கேட்டான். அவளுக்குச் சிரிப்பு வந்தது. சிரித்தால் கழுத்து இழுத்தது. "நீங்க அங்கியே போங்க சாமி," என்று அனுப்பிவிட்டாள்.

கழுத்துத் தோலை ஆபரேஷன் செய்து விடுவித்தால் திரும்பலாம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அதற்குச் செலவாகும். கம்பெனியில் கேட்டபோது, குழாய் கிழக்கேயிருந்து மேற்கே போகிறது, அதன் வழியில் தோளை வைத்தது யார் என்று மேனேஜர் திருப்பிக் கேட்டார். அதனால் மனுப் போட வேண்டியதாயிற்று.

வக்கீல் தெய்வசிகாமணி மனுவை எடுத்துக்கொண்டு, சர்க்கார் ஆபீசுகள் எல்லாம் இருந்த பெரிய கட்டடத்துக்குப் போனார். அதில் 'இழப்பீடு' என்று பலகை தொங்கிய அறை ஒன்றுதான் இருந்தது. அங்கே கொடுத்தார். அது ரோடு போட நிலம் எடுக்கிற பிரிவு. திரும்ப வாங்கலாம் என்றால், மனு வாங்குவதற்கு மட்டும்தான் அங்கே ஆள் இருந்தார். திருப்பிக் கொடுப்பதற்கு ஆள் போடவில்லை.

"இழப்பீடு இழப்பீடுதான் அம்மிணி," என்றார் தெய்வசிகாமணி. "தோலா இருந்தா என்ன, தோட்டமா இருந்தா என்ன? போனது போனதுதானே?"

யோசித்துப் பார்த்ததில் அது சரியாகத்தான் இருந்தது.

நாச்சிமுத்து சங்கிலியின் ஒரு முனையை மாரப்பன் கையில் கொடுத்தார். இன்னொரு முனையைத் தாமே பிடித்துக்கொண்டு அளந்தார். நான்கு மூலையிலும் மிளகு அளவில் நான்கு கற்களை வைத்துப் பிளாஸ்திரி ஒட்டப் போனார்.

"வலிக்குங்களா?" என்று அஞ்சுகம் முன்கூட்டியே கேட்டாள்.

"கல்லுக்கு என்னங்க வலி?" என்றார் அவர்.

பிறகு எல்லை எழுதினார். மேல் பக்கம் எப்போதும் வடக்கு, மேப்பில் அப்படித்தான் என்றார். வடக்கே காது மடல். தெற்கே முழங்கை. கிழக்கே தொண்டைக்குழி. மேற்கே முதுகெலும்பு. எழுதி முடித்துவிட்டு அவளை உற்றுப் பார்த்தார்.

"நீங்க இப்ப கிழக்குப் பாத்து நிக்கறீங்க. அதனால இது செரி. நீங்க மேக்க திரும்புனீங்கன்னு வைங்க, தொண்டைக்குழி மேக்க போயிரும். எல்லை தப்பாயிரும். கேசு நிக்காதுங்க."

"அப்ப என்னங்க பண்றது?"

"தீர்ப்பு வர்ற வரைக்கும் கிழக்க பாத்தே இருங்க."

பக்கத்து வீட்டில் குக்கர் விசிலடித்தது. நீராவிச் சத்தம் கேட்டு அஞ்சுகத்தின் உடம்பு ஒருமுறை உதறியது. நான்கு கற்களும் நகர்ந்தன. நாச்சிமுத்து மறுபடி வைத்தார்.

அன்றிலிருந்து அவள் கிழக்குப் பார்த்தே இருந்தாள். கிழக்குப் பார்த்துச் சமைத்தாள். அடுப்பை மாரப்பன் இடம் மாற்றிக் கொடுத்தான். கிழக்கே இருந்த சொந்தக்காரர்கள் வீட்டுக்கெல்லாம் நேராகப் போனாள். திரும்பி வரும்போது பின்பக்கமாகவே நடந்து வந்தாள். மாரப்பன் வலப்பக்கமிருந்து, "கல்லு இருக்குது, காலத் தூக்கி வையி," "நாயி படுத்திருக்குது, சுத்தி வா," என்று சொல்லிக்கொண்டே வந்தான். நாய் அவர்களைப் பார்த்து எழுந்து நின்றது.

அந்தப் பெரிய கட்டடம் ஊருக்கு மேற்கே இருந்தது. விசாரணை நாளில் அவள் டவுன் பஸ்ஸில் டிரைவருக்கு முதுகைக் காட்டி, பயணிகள் எல்லாரையும் பார்த்தபடி நின்றுகொண்டு போனாள்.

"ஏனுங்க அக்கா, டிரைவர்கூடச் சண்டைங்களா?" என்று கண்டக்டர் கேட்டார்.

"இல்லீங்க தம்பி. கேசு நடக்குது."

"ஓ, கிழக்குக் கேசா? எங்க பெரியப்பனுக்குத் தெக்கு," என்று சொல்லிவிட்டு அவர் டிக்கெட்டைக் கிழித்தார்.

விசாரணை அறையில் அதிகாரி ஒருவர் இருந்தார். அவர் பேசுவதில்லை. மௌனத்தால் விசாரிப்பவர் என்று பெயரெடுத்தவர். அந்த மௌனம் நீள நீள அறையும் நீண்டது. எதிர்ப்பக்கத்தில் உட்கார்ந்திருந்த கம்பெனி மேனேஜர் மெல்ல மெல்லத் தூரமாகப் போய், கடைசியில் கட்டைவிரல் அளவுக்குத் தெரிந்தார்.

தெய்வசிகாமணி குனிந்து அவள் காதில் சொன்னார். "நல்லாப் போய்ட்டிருக்குது அம்மிணி."

தூரத்திலிருந்து மேனேஜர் கத்தினார். "அய்யா, அந்த நீராவிக்கு அது நடைபாதைங்க! பல வருசமா அந்த வழியாத்தான் போய்ட்டு வந்துட்டு இருக்குது! பாதையை மறிச்சது இந்தம்மா!"

"பாதைன்னா குழாய்க்குள்ள போகோணுமுங்க," என்றார் தெய்வசிகாமணி. "குழாயை உட்டு எறங்கி ஏன் வந்துச்சுன்னு கேக்கறேன்."

"குழாய் பழசுங்க! பழசானா எறங்கத்தானே செய்யும்!"

"பழசுன்னு தெரியுமுங்களா?"

"தெரியுமுங்க! நாங்க என்ன கண்ணு தெரியாதவங்களா?"

அதிகாரி முதல்முறையாகப் பேனாவை எடுத்தார். மேனேஜர் இன்னும் கொஞ்சம் சிறிதானார்.

அஞ்சுகத்தைப் பார்த்து அதிகாரி மௌனமாக இருந்தார். ஏதாவது சொல்ல வேண்டுமா என்பதுதான் கேள்வி என்று தெய்வசிகாமணி விளக்கினார்.

"டேபிளை அங்க போட்டது அவங்கதானுங்க," என்றாள். "நான் நாலு தடவ சொன்னனுங்க, குழாய் முக்குது, மொனகுதுன்னு. துணி கட்டி உட்டாங்க." சற்று நிறுத்தினாள். "எனக்கு வலக்கட்டப் பாக்கோணுமுங்க. வேற ஒண்ணுமில்லீங்க."

அதிகாரி அதைக் கேட்டு நீண்ட நேரம் ஜன்னலைப் பார்த்தார். ஜன்னல் அவருக்கு வலப்பக்கம் இருந்தது. தாம் செய்வது புரிந்ததும் கொஞ்சம் கூச்சப்பட்டுத் திரும்பிக்கொண்டார்.

வெளியே வரும்போது அவள் கேட்டாள். "ஏனுங்க வக்கீலய்யா, டாக்டரு கடன் சொன்னாலும் பரவால்லீன்னு சொல்றாருங்க. ஆபரேசனை இப்பவே பண்ணிக்கலாமுங்களா?"

தெய்வசிகாமணி பதறிவிட்டார். "அய்யய்யோ! விவகாரத்துல இருக்கற சொத்துல கை வெக்கலாமா? ஒரு செடியைப் பிடுங்குனாக்கூட நாளைக்கு என்னைக் கேப்பாங்க."

"செடியெல்லாம் இல்லீங்க. மசுரே மொளைக்கறதில்ல."

"மொளைச்சா தண்ணி ஊத்திராதீங்க."

கழுத்து திரும்ப வேண்டுமென்றால் வழக்கு முடிய வேண்டும். வழக்கு நிற்க வேண்டுமென்றால் கழுத்து திரும்பக் கூடாது. மாரப்பன் வலப்பக்கத்தில் ஒரு பெருமூச்சு விட்டான். அவனுடைய பெருமூச்சு எப்படியிருக்கும் என்று அவளுக்குத் தெரியும். உதட்டைக் குவித்து, புருவத்தைத் தூக்கி. இப்போதும் அப்படித்தான் விட்டானா என்று தெரியவில்லை.

தீர்ப்பை நாச்சிமுத்துவே கொண்டுவந்தார். குற்றம் கம்பெனியின் மேல் என்று முதல் வரியிலேயே இருந்தது. அஞ்சுகம் அந்த வரியை மாரப்பனை இரண்டு தடவை படிக்கச் சொன்னாள். மூன்றாம் தடவை அவளே கேட்கவில்லை, அவனாகப் படித்தான்.

பணம் பற்றி ஒன்றுமில்லை. எடுக்கப்பட்ட இடத்துக்குப் பதிலாக அதே அளவில் மாற்று இடம் கம்பெனி கொடுக்க வேண்டும் என்றிருந்தது. நாச்சிமுத்து மேப்பில் போட்ட தோளை அதிகாரி நில மேப்பின் ஸ்கேல்படி தரையில் போட்டுக் கணக்குப் பார்த்திருந்தார். மேப்பில் தோள் சின்னது. தரையில் அது இரண்டு சென்ட் வந்தது.

"நான் நெலத்த வெச்சு என்னங்க பண்ணுவேன்?" என்றாள் அஞ்சுகம். "கழுத்தைத் திருப்போணுமுங்க எனக்கு."

"வந்து பாத்துட்டுச் சொல்லுங்க," என்றார் நாச்சிமுத்து. "நானும் நெறைய எடம் அளந்திருக்கறேன். இது கொஞ்சம் பதவிசான எடமா இருக்குது."

இடம் ஊருக்குக் கிழக்கே இருந்தது. அதனால் நேராகவே நடந்து போனாள். ஒரு கல்யாண மண்டபத்துக்குப் பின்னால், கருவேல மரங்களுக்கு நடுவே கிடந்தது. சுற்றிலும் செம்மண். இது மட்டும் மாநிறம். வெயிலில் லேசாக மினுங்கியது. கிட்டப் போய்ப் பார்த்தால் புல் இல்லை, பூனைமுடி. காற்றடித்தபோது இடம் முழுக்கச் சிலிர்த்தது.

ஓரத்தில் வட்டமாக ஒரு பள்ளம் இருந்தது. சின்ன வயதில் அவளைப் பள்ளிக்கூடத்தில் வரிசையில் நிற்கவைத்து ஊசி போட்ட தழும்பு. நீராவி அதையும் சேர்த்துத்தான் கொண்டுபோயிருந்தது. அஞ்சுகம் அதன் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து விளிம்பை விரலால் தொட்டாள்.

தோட்டத்துக்காரப் பெண் ஒருத்தி அங்கே ஆடு மேய்த்துக்கொண்டிருந்தாள். "உங்க எடமுங்களா அக்கா?" என்றாள். "மன்னிச்சுக்கோங்க, காலியாக் கெடந்துச்சு. நல்ல எடமுங்க. ஆடு மிதிச்சாக் கொஞ்சம் நெளியும். வேற தொந்தரவு இல்ல."

ஒரு ஆடு பூனைமுடியில் மூக்கை வைத்து உரசியது. அஞ்சுகத்துக்குக் கழுத்தில் கூசியது. வெந்த நாளிலிருந்து அந்த இடத்தில் இழுப்பும் எரிச்சலும் தவிர வேறு எதையும் அவள் அறிந்ததில்லை. வாய்விட்டுச் சிரித்துவிட்டாள். சிரித்த பிறகுதான் கவனித்தாள். கழுத்து இழுக்கவில்லை.

நாச்சிமுத்து தாளை நீட்டினார். "சுவாதீனம் எடுத்துக்கிட்டேன்னு ஒரு கையெழுத்துப் போட்டுருங்க."

"சித்த இருங்க."

அவள் செருப்பைக் கழற்றினாள். நடு இடத்துக்குப் போய் மல்லாந்து படுத்தாள். கீழே வெதுவெதுப்பாக இருந்தது. இடம் அவளைத் தாங்கிக்கொண்டு ஒருமுறை மூச்சு இழுத்துவிட்டது. பிறகு, தூக்கத்தில் ஆள் புரள்வது மாதிரி, மெதுவாக வலப்பக்கம் சாய்ந்தது. ஆடுகள் சமாளித்து நின்றன. இடம் திரும்ப, அவள் தோள் திரும்பியது. தோளோடு கழுத்தும், கழுத்தோடு முகமும் திரும்பின. எதுவும் பிடித்து இழுக்கவில்லை.

அவள் வலப்பக்கம் பார்த்தாள்.

மாரப்பன் அங்கே இல்லை. கருவேல மரம் ஒன்று இருந்தது. அதன் கிளையில் யாரோ உலர்த்திய சிவப்புப் பாவாடை. அதற்கும் அந்தாண்டை ஒரு தண்ணீர்த் தொட்டி, வானம், கரண்டுக் கம்பியில் மூன்று காக்கைகள்.

"புள்ள!" என்று இடப்பக்கத்திலிருந்து குரல் வந்தது. அவன் எல்லைக்கு வெளியே செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றான். "நான் இக்கட்ட இருக்கறேன். கவருமென்ட்டு எடமாச்சே, மிதிக்கலாமோ கூடாதோன்னு சுத்திக்கிட்டு வந்துட்டேன். இரு, அக்கட்டால வர்றேன்."

"வராதீங்க," என்றாள் அஞ்சுகம்.

"ஏம்புள்ள?"

மூன்று காக்கைகளில் ஒன்று பறந்து போய்த் தொட்டியின் மேல் உட்கார்ந்தது. அவள் கழுத்து அதன் பின்னாலேயே போனது.

"சித்த நேரம் அங்கியே நில்லுங்க," என்றாள். "இந்த வலக்கட்ட முழுக்கப் பாத்து முடிச்சுக்கறேன்."