நாலாவது ஜோடி

என் அண்ணன் நெஸ்டர் மூலைத் தகடு அடித்தால் ஆணியை ஜோடி ஜோடியாகத்தான் அடிப்பான். இரண்டு ஜிப்சம் பலகைகள் சேர்ந்து வெளியே துருத்தும் முனையில் மடித்த தகரத்தைப் பொருத்தி, இடது ஓரத்தில் ஒன்று, வலது ஓரத்தில் ஒன்று. ஒரு சாண் இறங்கி மறுபடி இடது, வலது. கூரையிலிருந்து தரைவரை இந்த வரிசை மாறாது. பின்னாலேயே நான் பட்டி பூசிக்கொண்டு வருவேன். கனடாவில், எங்கள் சாஸ்கட்டூனில் பாதி வீடுகளின் மூலைகள் அண்ணன் தங்கச்சி எங்கள் இரண்டு பேர் கையாலும் ஆனவை என்று நான் பீற்றிக்கொள்வது வழக்கம்.

நடுவில் இரண்டு வருஷம் அவன் இல்லை. குடி. பெண்டாட்டி போனாள், வீடு போனது. கடைசியில் அவனாகவே நிறுத்தினான். மறுபடி வேலைக்குச் சேர்த்துக்கொள்ளும்படி மேற்பார்வையாளர் டுவெய்னிடம் கெஞ்சியது நான். அண்ணனிடம் அன்றைக்கே சொல்லியும் வைத்தேன்: "இன்னொரு வாட்டி குடிச்சேன்னு தெரிஞ்சுது, மொத ஆளா நானே உன்னத் தொரத்துவேன்." சரி என்று தலையாட்டினான். அதற்கப்புறம் மூன்று வருஷம் ஒரு சொட்டு தொடவில்லை. ஆனாலும் தினமும் காலையில் அவன் முகத்தை நான் ஒரு தரம் உற்றுப் பார்ப்பேன். அது அவனுக்கும் தெரியும்.

ஜனவரி மாதம், வெளியே மைனஸ் முப்பத்தொரு டிகிரி குளிர். பத்து மணிக்குக் காபி குடித்தோம். வானொலியில் செய்தி முடிந்ததும் அவன் எழுந்துபோய் வீட்டுக்குள் நடைவழி மூலையில் ஏணியைப் போட்டான். சுத்தியல் சத்தம் கேட்டுக்கொண்டுதான் இருந்தது. கொஞ்ச நேரத்தில் என் பட்டி வாளியில் இடித்து அதைக் கவிழ்த்தான்.

"கண்ணு எங்க இருக்கு உனக்கு?" என்றேன்.

"வாளிய நடு வழில வச்சிட்டு என்னயக் கேக்குறியா?" என்றான். வாய் கொஞ்சம் குழறியது. எனக்குச் சுருக்கென்றது.

சாப்பாட்டு நேரத்தில் அவனைப் பார்த்தபடியே இருந்தேன். நான் கட்டிக் கொண்டுவந்த பெரோகிக் கொழுக்கட்டையில் பாதியைத் தின்றுவிட்டு, "இவ்ளோதான் வச்சியா, கஞ்சம்" என்று டப்பாவைத் தள்ளினான். மீதிப் பாதி அப்படியே வெங்காயத்தோடு கிடந்தது. பசி செத்துப்போவதும் குடிகாரன் லட்சணம்தான்.

சாப்பிட்டதும் நடைவழி மூலையில் பட்டி பூசி, பிளேடை வைத்து ஒரு இழு இழுத்தேன். தகடு படக்கென்று எழும்பி, பூசிய பட்டி முழுக்க என் மூஞ்சியில் தெறித்தது. அந்த உயரத்தில் இடது ஓரத்தில் ஆணியே இல்லை. படுக்கையறைப் பக்கம் அவன் அடித்திருந்த இரண்டு மூலைகளிலும் போய் விரலால் நெம்பினேன். இரண்டும் ஆடின.

"இது என்ன வேல?" என்று கத்தினேன். டுவெய்ன் மாடியிலிருந்து இறங்கி வந்துவிட்டான்.

நெஸ்டர் தகட்டைப் பார்த்தான். "என்ன? அடிச்சிருக்கேனே."

"ஒரு பக்கம் அடிச்சா போதுமா?"

"ரெண்டு பக்கமும் அடிச்சிருக்கேன். உனக்குத்தான் கண்ணு அவிஞ்சு போச்சு."

கண்ணெதிரே இருப்பதை இல்லை என்று சாதிக்கிறானே என்று எனக்குத் தலைக்கேறிவிட்டது. "குடிச்சிருக்க," என்றேன், டுவெய்னுக்கும் மற்றவர்களுக்கும் கேட்கிறமாதிரி.

அவன் முகம் சிவந்தது. கிட்டே வந்து, "ஊதிக் காட்றேன், மோந்து பாரு ஜெனியா," என்றான்.

நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அந்த வாசனைக்கு என் மூக்கைக் கொடுத்த நாட்களெல்லாம் போதும் என்றிருந்தது. "வீட்டுக்குப் போ," என்றேன். டுவெய்னும் தலையாட்டினான். நெஸ்டர் கோட்டை மாட்டிக்கொண்டு, கதவு நிலையில் தோளை இடித்துக்கொண்டு வெளியே போனான்.

தெறித்த பட்டியை வழித்துத் துடைக்கவே அரை மணி நேரத்துக்கு மேல் ஆனது. பிறகு அவனுடைய ஆணிப் பையை எடுத்துக்கொண்டு நானே ஏணியில் ஏறினேன். இன்றைக்குள் முடித்தாக வேண்டும். நடைவழி மூலையின் உச்சியில் முதல் ஜோடி இருந்தது, இடது, வலது. இரண்டாவது ஜோடி இருந்தது. மூன்றாவதும் இருந்தது. நாலாவதில் வலது மட்டும். அதிலிருந்து தரைவரைக்கும் வலது மட்டும், ஒரு சாணுக்கு ஒன்று, கோடு பிடித்த மாதிரி.

குடித்துவிட்டு அவன் அடித்த மூலைகளை நான் பார்த்திருக்கிறேன். ஆணி கோணும், தகரம் நசுங்கும், இங்கொன்று விட்டுப்போகும், அங்கொன்று விட்டுப்போகும். இது அப்படி இல்லை. வலது ஓரத்தில் ஒரு ஆணிகூடக் கோணவில்லை. படுக்கையறை மூலைகளுக்கு ஓடினேன். அங்கேயும் வலதில் ஒன்று தப்பவில்லை, இடதில் ஒன்றுகூட இல்லை.

டப்பாவைத் திறந்தேன். அவன் விட்டுவைத்த பெரோகி எல்லாம் இடது பக்கம். வாளியும் அவனுக்கு இடது பக்கம்தான் இருந்தது. அவன் பொய் சொல்லவில்லை. அவன் கண்ணுக்கு இடது என்று ஒன்றே இல்லாமல் போயிருந்தது. வண்டிச் சாவி அவனிடம் இருக்கிறது. குடித்திருக்கிறான் என்று நம்பியவள், சாவியைப் பிடுங்கியிருக்க வேண்டாமா? அதைக்கூட மறக்கிற அளவுக்குக் கோபம்.

வெளியே ஓடினேன். அவன் வண்டி அங்கேயேதான் நின்றது. முன்பக்கம் நின்று கண்ணாடியில் உறைந்திருந்த பனியைச் சுரண்டிக்கொண்டிருந்தான். அவனுக்கு வலது பக்கத்துப் பாதி பளபளவென்று இருந்தது. மறு பாதியில் பனி தொடப்படாமல் கிடந்தது. நான் கிட்டே போவதற்குள் வண்டிக்குள் ஏறி உட்கார்ந்தான். ஓட்டுகிற இடத்திலிருந்து பார்த்தால் சுரண்டிய பாதி அவனுக்கு இடது. அது அவனுக்குத் தெரியவில்லை. பனி மூடிய பாதி மட்டும் தெரிந்தது. மறுபடி இறங்கினான். மறுபடி அதே பக்கத்தைச் சுரண்டினான்.

"சனியன், எத்தன வாட்டி சொரண்டினாலும் போவ மாட்டேங்குது," என்றான் என்னைப் பார்த்து. முக்கால் மணி நேரமாக இதையே செய்திருக்கிறான். வலது கையில் கையுறை இருந்தது. இடது கை வெறுங்கையாகத் தொங்கியது, விரல் நுனியெல்லாம் மெழுகு மாதிரி வெளுத்திருந்தது. வலிக்கிறது என்றுகூட அவன் சொல்லவில்லை.

அவனைக் கட்டிப்பிடித்து வண்டியில் சாய்த்தேன். அவன் மூச்சு என் முகத்தில் பட்டது. காபியும் வெங்காயமும்தான் மணந்தது. முன்னமே மோந்து பார்க்கச் சொன்னானே, பாவி நான். டுவெய்னைக் கூப்பிட்டு ஆம்புலன்சுக்குச் சொல்லச் சொன்னேன். அந்த வெறும் விரல்களை என் கோட்டுக்குள் இழுத்து வைத்துக்கொண்டேன்.

ஆம்புலன்சில் வந்த பெண் அவன் கண்ணில் விளக்கடித்துப் பார்த்தாள், கையைத் தூக்கச் சொன்னாள். பக்கவாதம் என்றாள். "கடைசியா எப்போ நல்லா இருந்தாரு? சரியா நேரம் சொல்லுங்க. நாலரை மணி நேரத்துக்குள்ளன்னா ரத்தக்கட்டக் கரைக்கிற ஊசி போடலாம். தெரியலன்னா போட மாட்டாங்க."

"பத்து மணி செய்தி முடிஞ்சுதான் ஏணில ஏறினான்," என்றேன். "மூணு ஜோடி ஆணி ஒழுங்கா அடிச்சிருக்கான். நாலாவதுல இடது இல்ல. பத்தேகால்."

அவள் என்னை ஒரு மாதிரி பார்த்தாள். "நிச்சயமாத் தெரியுமா?"

"அந்த மூலை அப்படியே நிக்குது. வந்து பாருங்க."

கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். "மணி ஒண்ணே முக்கால். நேரத்துக்குள்ள போயிரலாம். ரெண்டு மணி நேரம் முன்னாடி கூப்பிட்டிருந்தா இன்னும் நல்லா இருந்திருக்கும்." அவள் அதைக் குத்திக்காட்டிச் சொல்லவில்லை. எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது.

ஆம்புலன்சில் அவன் இடது பக்கம் உட்கார்ந்து அந்தக் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். "அண்ணே, நீ குடிக்கல. நான்தான் தப்பாச் சொல்லிட்டேன்," என்றேன்.

அவன் என் பக்கம் திரும்பவில்லை. வலது பக்கத்துச் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு அந்தப் பெண்ணிடம் கேட்டான். "என் தங்கச்சி எங்க? இன்னும் கோவமாத்தான் இருக்காளா?"

நான் அவன் கையை விட்டுவிட்டு, காலருகே இடுக்கில் நுழைந்து, அவன் வலது பக்கத்துக்குப் போனேன்.