வானம் சுமந்தவனின் எலும்பு

ரொட்டிக்கடைப் பெரியவருக்குக் கழுத்து திரும்பவில்லை. யாராவது கூப்பிட்டால் உடம்பையே திருப்பினார். மாவு மூட்டை சுமப்பது முதல் அடுப்பை அணைப்பது வரை அனைத்தும் தம் கையாலேயே நடக்கவேண்டும் என்பது அவர் கொள்கை. கூடப்பிறந்த தம்பிக்கு வாய்த்தது கல்லாவுக்குப் பக்கத்து ஸ்டூல்தான்.

எலும்பு மருத்துவரான பெண்மணி எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் மாட்டினார்.

“மண்டையைத் தாங்குற முதல் எலும்பு இது. பேரு அட்லஸ். இனிமே மூட்டை தூக்கினா கை மரத்துப் போயிடும் ஐயா. அப்புறம் மாவு பிசையவே முடியாது.”

“அட்லஸா? அது பள்ளிக்கூடத்து வரைபடப் புத்தகமாச்சே!”

“ரெண்டுக்கும் பேரு வந்தது ஒருத்தனாலதான். கிரேக்கக் கதையில ஒரு ராட்சசன். தேவர்கள்கிட்ட தோத்துப்போனதால வானத்தைச் சுமக்கணும்னு தண்டனை. ஹெர்குலிஸ்னு ஒரு பலசாலி, அவனைத் தங்க ஆப்பிள் பறிக்க அனுப்பிட்டு, அதுவரைக்கும் வானத்தைத் தான் சுமந்தான். திரும்பி வந்த ராட்சசன் ‘இனிமே நீயே சுமந்துக்கோ’ன்னான். பலசாலி என்ன சொன்னான் தெரியுமா? ‘சரி, சும்மாடு வெச்சுக்கிறேன், ஒரு நிமிஷம் பிடி’ன்னான்.”

“பிடிச்சானா?”

“பிடிச்சான். இன்னும் இறக்கலை.”

“மடையன்!” என்று சிரித்த பெரியவர், வலியில் பல்லைக் கடித்தார்.

“அடுத்தவன் கதைன்னா சிரிப்பு வருது,” என்றாள் உடன் வந்திருந்த மனைவி. “நீங்க கை வைக்கலைன்னா வானம் இடிஞ்சு விழுந்துடுமான்னு நானும்தான் கேட்டுக்கிட்டு இருக்கேன்.”

மறுநாள் காலை கழுத்துப் பட்டையோடு ஸ்டூலில் அமர்ந்தவர் பெரியவர். மூட்டை சுமந்து வந்தவன் தம்பி. நிலைப்படியைத் தாண்டுகையில் தலையிலிருந்த சும்மாடு நழுவியது.

“அண்ணே, ஒரு நிமிஷம் பிடியேன்! சும்மாட்டைச் சரி பண்ணிக்கிறேன்.”

பெரியவர் எழுந்துவிட்டார். கைகள் தாமாகவே நீண்டன. சாக்கில் விரல் பட்டதும் அப்படியே நின்றார். கல்லாவிலிருந்து மனைவி பார்த்துக்கொண்டிருந்தாள்.

“கீழ போடுடா,” என்றார்.

“மாவு கொட்டிடுமே அண்ணே!”

“கொட்டினா அள்ளலாம்.”

மூட்டை தொப்பென்று விழுந்தது. ஓரத்தையல் பிரிந்து ஒரு கைப்பிடி மாவு சிந்தியது, அவ்வளவுதான். தம்பி துண்டை இறுக்கிச் சுருட்டித் தலையில் வைத்துக்கொண்டு மூட்டையை மறுபடி ஏற்றினான்.

“இதையா அண்ணே இத்தனை வருஷமா என் கண்ணுல காட்டாம வெச்சிருந்தே?” என்று மூச்சிரைக்கக் கேட்டுவிட்டு உள்ளே போனான்.

பெரியவர் உட்கார்ந்தார். ஏனோ அண்ணாந்து பார்க்க முயன்றார். கழுத்து இடம் கொடுக்கவில்லை.

“மேல எதுக்குப் பாக்கறீங்க?” என்றாள் மனைவி. “அது அங்கேயேதான் இருக்கு.”